கடலில் பிறந்து ஆறு ஏறும் விலாங்கு

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கெனி ஆற்றோரம் காய்கறித் தோட்டம் போட்டிருந்த என் தாத்தா, ஒரு மழை இரவில் ஈரப்புல்லில் நெளிந்து போனதைப் பாம்பென்று நினைத்து மண்வெட்டியை ஓங்கினாராம். கிட்டே போனால், தலைக்குப் பின்னால் காது மடல் மாதிரி ஒரு சின்னத் துடுப்பு! வெறுங்கைக்கு வழுக்கியது. சாக்கைப் போட்டு அமுக்கித்தான் பிடித்தார்.

ஆற்று மீன் என்றே நினைத்திருப்பார். ஆனால் அது பிறந்தது கடலில். உல்லம் மீன் கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்கு வரும். விலாங்கு அதற்கு நேர்மாறு.

தென்னாப்பிரிக்க ஆறுகளில் நான்கு வகை நன்னீர் விலாங்குகள் உண்டு. மடகாஸ்கருக்குக் கிழக்கே ஆழ்கடலில் அவை முட்டையிடுவதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். குஞ்சுக்குத் தாயின் சாயலே இருக்காது. வேப்பிலையைக் கண்ணாடியில் செய்ததுபோல் தட்டையாக, ஊடே பார்க்கும்படி இருக்கும். ஐரோப்பிய விலாங்கின் குஞ்சை வேறொரு மீன் என்றே நம்பி 1856-ல் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். 1890-களில் இத்தாலியில் தொட்டியில் விட்டுக் கவனித்தபோதுதான் குட்டு உடைந்தது.

இந்த இலைக்குஞ்சுகளைக் கடல் நீரோட்டம் மேற்கே தள்ளிவரும். அப்புறம் அகுல்யாஸ் நீரோட்டம் கரையோரமாகத் தெற்கே இழுத்துவரும். கரை நெருங்க நெருங்க உடம்பு உருண்டு, கண்ணாடி விலாங்காகிறது. முகத்துவாரத்தில் நுழைந்த பிறகுதான் நிறம் பிடிக்கும். விரல் நீளம்கூட இருக்காது, ஆனாலும் நனைந்த பாறையில் ஒட்டிக்கொண்டு செங்குத்தாக ஏறும். ஈர உடம்புக்கும் ஈரப் பாறைக்கும் நடுவே உள்ள நீர்ப்படலம்தான் பிடிமானம். பெரிதானால் எடை கூடி, இந்த வித்தை போய்விடும். தோல் வழியாகவும் மூச்சுவிடும் என்பதால் மழை இரவில் தரையில் ஊர்வது மட்டும் கடைசிவரை உண்டு. இப்போது உம்கெனியில் இனாண்டா, நாகிள், ஆல்பர்ட் ஃபால்ஸ், மிட்மார் என்று அணைமேல் அணை. காய்ந்த கான்கிரீட்டில் எந்தக் குஞ்சு ஏறும்?

ஏறியவை ஆற்றில் பத்து, இருபது வருஷம்கூடத் தின்று கொழுக்கும். பிறகு ஒருநாள் உடம்பே மாறத் தொடங்கும். கண் பெரிதாகும், வயிறு வெள்ளியாக மின்னும், குடல் சுருங்கும், சாப்பாடு நின்றுபோகும். சேர்த்த கொழுப்பை எரித்தே கடலுக்கு நீந்தி, ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் செத்துவிடும்.

பச்சையாக இருக்கும்போது விலாங்கின் ரத்தம் நஞ்சு. கொதித்தால் அது போய்விடும், பாட்டியும் புளிக்குழம்புதான் வைத்தார். அறுத்தபோது வயிறு நிறைய ஆற்று நண்டு இருந்ததாம். அப்படியானால் அது இன்னும் கடலுக்குக் கிளம்பியிருக்கவில்லை.