நோட்டரி முத்திரை குத்தினால் கார்டியன் ஆகிவிட முடியாது

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாய்மாமன், அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். பையனுக்கு வயது பதினைந்தரை. அப்பா இறந்து 4 வருடம், அம்மாவும் இறந்து 3 மாதம். மாமன் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் 100 ரூபாய் பத்திரம். பாட்டி கைநாட்டு வைத்திருந்தார், இரண்டு சாட்சிகள், நோட்டரி முத்திரை. ‘இன்று முதல் தத்துப்பிள்ளை’ என்று எழுதியிருந்தது.

"பேங்க்ல இதை ஒத்துக்க மாட்டேங்கிறாங்க சார்."

ஒத்துக்கொள்ள முடியாதுதான். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, 15 வயது முடிந்த பிள்ளையைத் தத்துக் கொடுக்க முடியாது. அந்தச் சமூகத்தில் அப்படி வழக்கம் உண்டு என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. பேரனைத் தத்துக் கொடுக்கும் உரிமையும் பாட்டிக்குத் தானாக வந்துவிடாது. பாவம், பத்திரம் எழுதித் தந்தவர் இதையெல்லாம் அவர்களிடம் சொல்லவே இல்லை.

இந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது கார்டியன் உத்தரவு, அதாவது பிள்ளைக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கும் நீதிமன்ற உத்தரவு. அதற்கான 1890-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எந்த நீதிமன்றத்தின் எல்லையில் வருகிறதோ, அங்கே மனுப் போட வேண்டும். நெருங்கிய உறவினர்களுக்கு நோட்டீஸ் போகும். பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறொருவரைப் பிள்ளைக்குக் கார்டியனாகப் போடமாட்டார்கள்.

பதின்வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்துக்கும் மதிப்பு உண்டு. இந்த மாமன் மனுப் போட்டபோது, நீதிபதி பையனைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். வெளியே வந்தவனிடம் என்ன கேட்டார் என்றேன். "மாமா வீட்ல எங்க உட்கார்ந்து படிப்பன்னு கேட்டாங்க. கிரைண்டர் பக்கத்துல, அத்தை மாவு அரைச்சு முடிச்சப்புறம்னு சொன்னேன்." அதுவரை என்னிடம் வாயே திறக்காத பையன் அவன். தயவுசெய்து பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வராதீர்கள். அவர்கள் மனதில் இருப்பதைச் சொல்ல விடுங்கள்.

சரி, உத்தரவு வந்துவிட்டது. அதற்காகப் பிள்ளையின் சொத்து மாமனுடையது ஆகிவிடாது. நீதிமன்றம் நியமித்த கார்டியன், பிள்ளை பேரில் உள்ள வீட்டையோ நிலத்தையோ விற்கவோ அடமானம் வைக்கவோ முன் அனுமதி வாங்க வேண்டும். நீதிமன்ற எல்லையை விட்டுப் பிள்ளையை வேறு ஊருக்குக் குடிபெயர்த்துக் கொண்டுபோகவும் அனுமதி தேவை. வேலை மாறி பெங்களூரு போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளைக்கு 18 முடிந்தால் கார்டியன் பொறுப்பும் முடிந்துவிடும். ‘பத்தாவது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் குடும்பங்களுக்குக் கையில் இருப்பதே இரண்டு மூன்று வருடம்தான். இறப்புச் சான்றிதழ்கள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து ஆவணங்கள், இவற்றோடு வக்கீலைப் பாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துப் போங்கள்.