டீச்சர் எழுதியதும் சித்தி எழுதியதும் ஏன் ஒத்துப்போகவில்லை?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி குரல் செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய அக்காவுக்கு வெளிநாட்டில் வீட்டு வேலை. அக்காவின் பதினைந்து வயது மகளை வளர்ப்பது இவர்தான். சில மாதங்களாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேச்சும் இல்லை. மனநல கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறார். "மருந்து தருவாங்கன்னு போனோம். ஒரு மணித்தியாலமா கேள்விதான். எனக்கு ஒரு தாள், டீச்சருக்கு ஒரு தாள், பிள்ளைக்கு ஒரு தாள். நான் எழுதினதுக்கும் டீச்சர் எழுதினதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் பொய் சொல்றேன்னு டொக்டர் நெனச்சிருப்பாரோ? அடுத்த தடவை டீச்சர்கிட்ட கேட்டுட்டு எழுதவா?"

வேண்டாம், கேட்காமலே எழுதுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மனச்சோர்வைக் காட்டிக் கொடுக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்னும் கிடையாது. ஆனாலும் இரத்தம் எடுக்கச் சொல்லலாம். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் பிள்ளை களைத்துப்போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பாள். மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் மனச்சோர்வு போலத்தான் தெரியும். இரத்தச்சோகை தோட்டப்புறத்துப் பெண்பிள்ளைகளுக்குப் புதிதில்லை. அதனால் முதலில் உடம்பைப் பார்க்கிறார்கள். அப்புறம் வீடு, பாடசாலை, சாப்பாடு, நண்பர்கள், போதைப்பொருள், பாதுகாப்பு என்று கேள்விகள் போகும். எளிதானதில் தொடங்கி, வாயைத் திறக்கத் தயங்கும் விஷயத்துக்கு மெல்ல வருவார்கள். உடம்பு, மனம், வாழும் சூழல் மூன்றையும் சேர்த்துத்தான் நோயைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் எங்கல் 1977இல் வாதிட்டார். இன்று கிளினிக்கில் கேட்கும் நீண்ட கேள்விகளுக்கு அடிப்படை அதுதான்.

நடுவில் உங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லியிருப்பார்கள். பிள்ளையிடம் தனியாகப் பேசத்தான். சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று நேராகவே கேட்பார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். நியூயோர்க் மாநிலப் பாடசாலைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. அந்தக் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனக்கலக்கமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியால் கலக்கம் சற்றுக் குறைந்தே இருந்தது.

இனி அந்த மூன்று தாள்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இப்படிப்பட்ட தாள்களில் உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது, பிரித்தானிய மனநல வைத்தியர் ரொபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 வரித் தாள். பயமும் கவலையும், நடத்தை, அமைதியின்மை, நண்பர்களோடு பழகுவதில் சிரமம், பிறருக்கு உதவும் குணம் ஆகிய ஐந்துக்கும் ஐந்தைந்து வரிகள். 'உண்மையில்லை', 'ஓரளவு உண்மை', 'நிச்சயமாக உண்மை' என்ற மூன்றில் ஒன்றில் அடையாளமிட வேண்டும். தமிழிலும் இருக்கிறது. பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, பிள்ளை தானே நிரப்ப ஒன்று.

ஒரே பிள்ளையைப் பற்றித்தானே, மூன்றும் ஒத்துப்போக வேண்டாமா? அமெரிக்க உளவியலாளர் தோமஸ் அக்கன்பாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 1987இல் 119 ஆய்வுகளைத் திரட்டி இதைக் கணக்கிட்டார்கள். இருவர் சொல்வது முழுதாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அப்பா இருவரையும் கேட்டால், அல்லது ஒரே மாதிரி இடத்தில் பிள்ளையைப் பார்க்கும் வேறு இருவரைக் கேட்டால் 0.60 வந்தது. பெற்றோரையும் ஆசிரியரையும் போல வெவ்வேறு இடங்களில் பார்ப்பவர்களைக் கேட்டால் 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதையும் மற்றவர்கள் சொல்வதையும் ஒப்பிட்டால் 0.22. கால் நூற்றாண்டு கழித்து, 2015இல், வேறொரு குழு 341 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. மொத்தச் சராசரி மறுபடியும் 0.28!

வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு தாள்களை வைத்துக் கேட்டும் இதே எண் வருகிறது. அத்தனை பெற்றோரும் பொய் சொல்லியிருக்க முடியுமா? ஒரே வீட்டில் பார்ப்பவர்கள் நன்றாக ஒத்துப்போகிறார்கள், இடம் மாறினால் ஒத்துப்போவது குறைகிறது. அப்படியென்றால் இடத்துக்கு இடம் பிள்ளையே கொஞ்சம் மாறித்தான் இருக்கிறாள். அதிலும் அடிதடி, கோபம் போன்ற கண்ணுக்குத் தெரிகிறவற்றில் ஒத்துப்போவது கூடுதல், உள்ளே அடக்கி வைக்கும் பயத்திலும் கவலையிலும் குறைவு.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். டீச்சர் பார்ப்பது காலையில் வெள்ளைச் சீருடையில், சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சத்தம் போடாதவள் நல்ல பிள்ளை. நீங்கள் பார்ப்பது இரவில், லயத்துக் கூரையில் மழை கொட்டும்போது விழித்துக் கிடப்பவளை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அதை மறக்காத மலையகத்தில், மேட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டில் மழைக்குப் பயப்படுவதை உடனே நோய் என்று எழுதிவிட முடியாது. பயம் மழை இரவுகளோடு நிற்கிறதா, பகலிலும் தொடர்கிறதா என்பதுதான் வைத்தியருக்குத் தெரிய வேண்டியது. அதை டீச்சரின் தாளையும் உங்கள் தாளையும் பக்கத்தில் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், ஒரு தாள் வீண்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்? பார்த்தாலே தெரியாதா? தெரியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் உளவளத்துணை நிலையத்தில் 550 பேரில் யாருக்கு நிலைமை மோசமாகும் என்று ஆலோசகர்களைக் கேட்டார்கள். மூன்று பேர் என்றார்கள். மோசமானது 40 பேருக்கு. அந்த மூவரில் சரியாக வந்தது ஒருவர் மட்டுமே. பரிவோடு கேட்பவருக்கும் நம்பிக்கை கண்ணை மறைத்துவிடுகிறது.

அதனால்தான் கடந்த இரண்டு கிழமை எப்படி இருந்தது என்று கேட்கும் ஒன்பது கேள்வித் தாள் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, கூடியபட்சம் 27. புள்ளி கூடினால் மனச்சோர்வு கூடுதல். தேயிலைக் கொழுந்து நிறுப்பதை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் கழித்த பிறகுதானே கொழுந்தின் எடை? இங்கேயும் ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவது ஈரம் மாதிரி. ஐந்து புள்ளி இறங்கினால்தான் உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்வார்கள். முதல் நாளே எடை போட்டு வைக்காவிட்டால் எதிலிருந்து கழிப்பது? கடைசிக் கேள்வி மட்டும் தனி. அது சாவைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதற்கு 0 தவிர வேறு பதில் வந்தால் அன்றே உட்கார்ந்து பேச வேண்டும்.

மருந்து கொடுத்தால் முதல் சில கிழமைகள் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு மனச்சோர்வு மருந்து கொடுத்த 24 ஆய்வுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சேர்த்துப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேருக்கும் வந்திருந்தது. அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை. இதைக் கேட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளினிக் நாளைத் தவறவிடாமல் போங்கள். நடுவில் ஏதாவது பயமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மாடசாமியிடம் நேர்ந்துகொள்வதையோ நூல் கட்டுவதையோ நான் குறை சொல்ல மாட்டேன். அது அந்த வீட்டுக்குத் தெம்பு. ஆனால் பேய் பிடித்திருக்கிறது என்று பிள்ளையை வேப்பிலையால் அடிப்பதும், பட்டினி போடுவதும், பாடசாலையை நிறுத்துவதும் கொடுமை. மனநல வைத்தியசாலை இருப்பதாலேயே அங்கொடை என்ற ஊர்ப் பெயர் வசையாகிப்போன நாட்டில் கிளினிக்குக்குக் கூட்டிப்போக உங்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று தெரியும். மலையகத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் தமிழ் பேசும் உளவளத்துணையாளர்களை நியமிக்கட்டும். எங்கள் பிள்ளைகள் 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'ஒரே யோசனையா இருக்கு', 'நெஞ்ச அடைக்குது' என்கிறார்கள். அந்தச் சொற்களில் கேட்கும் தாள்களை இங்கேயே உருவாக்கிச் சோதிக்கும் ஆய்வுக்கும் பணம் வேண்டும்.

சரி, அடுத்த கிளினிக்குக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. பிள்ளை எந்த இரவுகளில் தூங்கவில்லை, அன்று மழையா, அம்மாவின் அழைப்பு வந்ததா, சாப்பிட்டாளா என்று பழைய கொப்பியொன்றில் திகதி போட்டு எழுதி வையுங்கள். டீச்சரிடம் காட்ட வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு அவளைப் பார்ப்பவர் நீங்கள் மட்டும்தான்.