மின்விளக்கு அணிவகுப்பில் தாளம் தப்பாதது எப்படி?

ஒலி மெதுவானது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தூரம்தான் போகும். அறைக்குள் பாட்டுக் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கேளிக்கைப் பூங்காவில் அணிவகுப்பு நடத்துகிறவருக்கோ இதுதான் முதல் தலைவலி. நிமிடத்துக்கு 120 தட்டு விழும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். அரை நொடிக்கு ஒரு தட்டு. தெருவின் ஒரு முனையில் பெரிய ஒலிபெருக்கியை வைத்து அதை முழங்கவிட்டால், 170 மீட்டர் தள்ளி ஆடி வரும் கலைஞரின் காதில் சரியாக ஒரு தட்டுப் பிந்தி விழும். ஒலிபெருக்கியின் அருகில் ஆடுபவர் வலது காலை வைக்கும்போது இவர் இடது காலை வைப்பார்.

சரி, ஒவ்வொரு அலங்கார ஊர்தியும் தன் பாட்டைத் தானே ஒலித்துக்கொண்டு வரட்டும் என்றால், அதில் வேறொரு சிக்கல். இரண்டு ஊர்திகளுக்கு நடுவே நிற்பவருக்கு இரண்டு பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகிவிடும்.

இந்த இரண்டு முடிச்சுகளையும் ஒருசேர அவிழ்க்கும் வழியை உலகுக்குக் காட்டியது 'மெயின் ஸ்ட்ரீட் எலக்ட்ரிகல் பரேடு' என்ற மின்விளக்கு அணிவகுப்பு. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1972 ஜூன் 17 அன்று அது முதன்முதலாகத் தெருவில் இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பூங்காவின் ஏரியில், மிதவைகள்மீது விளக்குச் சட்டங்களை நிறுத்தி ஓர் இரவு ஊர்வலம் விட்டிருந்தார்கள். அதே எண்ணத்தைத்தான் டிஸ்னியின் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் ஜானியின் குழு தரைக்குக் கொண்டுவந்தது. தொடக்க ஊர்திகளில் பல, விளக்குகள் கோத்த தட்டையான சட்டங்கள்தாம். 1977-இல்தான் அவை முழு உருவம் கொண்டவையாக மாறின. பிற்காலப் பதிப்புகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் விளக்குகள் மின்னின. பார்த்தவர்கள் எல்லோரும் அந்த விளக்குகளைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அந்த அணிவகுப்பின் உண்மையான சாதனை அதன் நேரக்கணக்கில்தான் இருக்கிறது என்று படுகிறது.

அடித்தளமாக அவர்கள் எடுத்துக்கொண்டது 'பரோக் ஹோடவுன்' என்ற துள்ளலான இசை. ஜான் ஜாக் பெரேயும் கெர்ஷோன் கிங்ஸ்லியும் மின்னணு முறையில் ஒலி எழுப்பும் மூக் சின்தசைசர் என்ற இசைக்கருவியை வைத்து 1967-இல் உருவாக்கியது. இந்த அணிவகுப்புக்காக எழுதப்பட்டதே அல்ல. ஆனால் இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது. ஒவ்வொரு சுரமும் சுத்தியலால் தட்டியதுபோல் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது; தாளம் இம்மியும் அசைவதில்லை.

இந்த இசையைத் தெரு முழுக்க ஓயாமல் சுழலவிட்டார்கள். ஊர்திகளுக்கு உரிய பாட்டுகளை எல்லாம் இதே வேகத்துக்கும் சுருதிக்கும் இசையும்படி மாற்றி அமைத்தார்கள். சிண்டரெல்லாவின் மெட்டானாலும் ரயில் வண்டியின் மெட்டானாலும் அடித்தள இசையின்மேல் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, இரண்டு ஊர்திகளுக்கு நடுவே நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்து கேட்டாலும் காது கூசாது. சண்டை போட வேண்டிய இரண்டு பாட்டுகள் ஒரே பாட்டின் இரண்டு குரல்களாகிவிடுகின்றன. இசையமைப்பாளரின் மேசையிலேயே தீர்த்துவைக்கப்பட்ட பொறியியல் சிக்கல் இது. 1977 பதிப்பின் இசையில் பங்காற்றிய டான் டோர்சி, பிற்பாடு இதன் கட்டுப்பாட்டு முறையையும் வெகுவாக வளர்த்தெடுத்தார்.

வேகம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்றாகவே நீடிக்கவும் வேண்டும். இரண்டு ஒலிநாடாக் கருவிகளின் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறுபட்டாலும் 20 நிமிடத்தில் 1.2 நொடி விலகிவிடும். நம் கணக்கில் அது இரண்டு தட்டுக்கும் மேல். எல்லாப் பாட்டுகளையும் ஒரே அகலமான நாடாவில் பக்கம்பக்கமாகப் பதிந்தால் ஒன்றைவிட்டு ஒன்று விலக வழியில்லை. ஊர்திகளுக்கு அந்த ஒலியை ரேடியோ அலையில் அனுப்பலாம். ரேடியோ அலைக்கு நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகம். தெருவின் நீளம் அதற்கு ஒன்றுமே இல்லை. இன்றைய கணினி முறைகளில் ஒலிக்குப் பதிலாக நேரக்குறியீட்டை மட்டும் அனுப்பினாலும் போதும். நொடியைப் பல கூறுகளாகப் பிரித்து எண்ணிட்ட அந்தக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு, ஊர்தியில் இருக்கும் கருவி தன் பாட்டைச் சரியான இடத்தில் ஒலிக்கும்.

இனித் தெருவோரத்துக்கு வருவோம். அணிவகுப்புப் பாதை பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஊர்தி மண்டலத்துக்குள் நுழைந்ததும் அங்குள்ள ஒலிபெருக்கிகள் அதன் பாட்டை எடுத்துக்கொள்கின்றன. அது நகர்ந்து அடுத்த ஊர்தி வரும்போது பழைய பாட்டு மெல்லத் தேய்ந்து புதியது எழுகிறது. தாளமும் சுருதியும் பொது என்பதால் எந்த நொடியில் மாற்றினாலும் தையல் தெரியாது.

ஒரு மண்டலத்துக்குள் மாபெரும் ஒலிபெருக்கி ஒன்றை வைப்பதைவிட, மிதமான ஒலியில் பலவற்றை நெருக்கமாக வைப்பதுதான் நல்லது. 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதன் அடியில் நிற்பவருக்கு அடுத்ததன் ஒலி ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் 44 பங்கு பிந்தி, மெலிந்து வந்து சேரும். மூளை அதைத் தனி எதிரொலியாக எண்ணாமல் முதலில் வந்த ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. 1949-இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் தம் முனைவர் பட்ட ஆய்வில் விரிவாக ஆராய்ந்த விளைவு இது. பின்னாளில் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தாமதம் இன்னும் கூடினால் இரண்டும் பிரிந்து, எதிரொலி தனியே கேட்கத் தொடங்கிவிடும்.

அணிவகுப்புக்குத் தொடக்கம் என்று ஒன்று உண்டல்லவா? அதில்தான் எனக்கு ஆகப் பிடித்த நுட்பம் இருக்கிறது. பாதையின் தலைமாட்டில் நிற்பவருக்கு முதல் ஊர்தி வந்து வெகுநேரம் கழித்தே கடைசியில் நிற்பவர் அதைக் காண்கிறார். தொடக்க முழக்கத்தைத் தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஒலித்தால், பின்னவர் கண்முன் காலித் தெருதான் இருக்கும். எனவே ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித் தொடக்கம். முதல் ஊர்தி எல்லையை நெருங்கியதும் கணினி உடனே பாய்ந்துவிடுவதில்லை. சுழலும் இசை சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, அந்தத் தட்டில் முழக்கத்தை எடுக்கிறது. நுழைவதற்கான இந்தக் கால இடைவெளிக்கு 'தொடக்கச் சாளரம்' என்று பெயர். இப்படி, தெருவில் எங்கே நிற்பவருக்கும் தம் கண்முன்னே தொடங்கிய ஒரு முழு நிகழ்ச்சி கிடைக்கிறது.

விளக்குகளின் கதை எளிது. இழுத்துச்செல்ல மின்கம்பி இல்லை; ஒவ்வொரு ஊர்தியும் தன் பேட்டரியைச் சுமந்தே வந்தது. தொடக்கத்தில் நிக்கல்-காட்மியம் பேட்டரிகள், சிறு இழை விளக்குகள். 2014-இல் ஹாங்காங் டிஸ்னிலேண்டில் அறிமுகமான 'பெயின்ட் த நைட்' அணிவகுப்பு எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறியது. மின்சாரம் மிச்சம் என்பதைவிட, ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் இசையின் நேரக்குறியீட்டோடு கட்டிவைக்க முடிந்ததே பெரிய லாபம். ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 2025 ஜூலையில் தொடங்கிய 'ஸ்டார்லைட்' இரவு அணிவகுப்பு இந்த வரிசையில் அண்மையது.

நடுவழியில் ஓர் ஊர்தி பழுதாகி நின்றாலும் இசைக்குச் சேதமில்லை. சுழலும் இசைக்கு முடிவு கிடையாது. அந்த மண்டலம் அதே பாட்டைச் சுற்றிச்சுற்றி ஒலிக்கும், கலைஞர்கள் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருப்பார்கள். வண்டி மறுபடி உருளத் தொடங்கும்போது அடுத்த மண்டலம் அதே தாளத்தில் அதை வாங்கிக்கொள்ளும்.