ஏழு மணி நேரச் சண்டையும் ஒரு மரத்தரையும்

1893 ஏப்ரல் 6. இரவு நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஒலிம்பிக் கிளப்பில் இரண்டு லைட்வெயிட் குத்துச்சண்டைக்காரர்கள் ரிங்கில் ஏறினார்கள். ஒருவர் உள்ளூர்க்காரரான ஆண்டி போவென், மற்றவர் டெக்ஸாஸைச் சேர்ந்த ஜாக் பர்க். அவர்கள் இறங்குவதற்குள் 110 ரவுண்டுகள் முடிந்திருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ரவுண்டுக்கு 3 நிமிடம் என்றால் 330 நிமிடம். இடையில் 109 தடவை ஒரு நிமிட ஓய்வு. ஆக மொத்தம் 439 நிமிடம், அதாவது 7 மணி 19 நிமிடம். கையுறை போட்டு நடந்த சண்டைகளில் இதைவிட நீண்டது இன்றுவரை கிடையாது.

சரி, ஜெயித்தது யார்? யாரும் இல்லை. இருவராலும் மேலே தொடர முடியாது என்று தெரிந்ததும் நடுவர் ஜான் டஃபி ஆட்டத்தை முடிவில்லாமல் முடித்து வைத்தார்.

இதே கிளப்பில்தான் ஏழு மாதங்களுக்கு முன் ஜேம்ஸ் கார்பெட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் சல்லிவனை 21ஆவது ரவுண்டில் வீழ்த்தியிருந்தார். குத்துச்சண்டை வரலாறு எழுதுகிறவர்கள் அந்த இரவுக்கு அத்தியாயமே ஒதுக்குவார்கள். போவெனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாதனைப் பட்டியலில் ஒரு வரி. எனக்கோ, மனித உடல் எப்படி அடிக்கிறது, அடியை எப்படி வாங்குகிறது என்று புரிந்துகொள்ள இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை.

முதலில் விதிகள். மார்க்விஸ் ஆஃப் குவீன்ஸ்பெரி என்ற பிரிட்டிஷ் பிரபுவின் பெயரில் 1867இல் வெளிவந்த விதிகளை உண்மையில் எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவர் எழ 10 விநாடி, மல்யுத்தப் பிடி கூடாது, கையுறை கட்டாயம். எல்லாம் இன்றைய ஆட்டம் போலத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை ரவுண்டு என்று மட்டும் அதில் வரம்பு இல்லை. ஒருவர் விழுந்து எழாத வரை, அல்லது தோல்வியை ஒப்புக்கொள்ளாத வரை ஆடலாம்.

அடுத்தது கை. கையுறை எதிராளியின் முகத்தைக் காப்பாற்றத்தான் என்று பலரும் நினைக்கிறோம். அது முதலில் காப்பாற்றுவது அடிக்கிறவருடைய கையை. ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன, பெரும்பாலானவை சின்னச் சின்னவை. முஷ்டி பிடித்துக் குத்தும்போது சுமை விழுவது உள்ளங்கையில் இருக்கும் ஐந்து நீள எலும்புகள் மேல். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் பின்னால் இருக்கும் இரண்டும் மணிக்கட்டோடு ஏறக்குறைய அசையாமல் பூட்டியிருப்பதால் தாக்குப்பிடிக்கும். மோதிர விரல், சுண்டுவிரல் பக்கத்து எலும்புகள் அப்படியில்லை, அவற்றின் மூட்டு ஆடும். குத்து கொஞ்சம் சரிந்து விழுந்தாலும் சுண்டுவிரல் எலும்பின் கழுத்து உடைந்துவிடும். ஆங்கில மருத்துவத்தில் அதற்குப் பெயரே குத்துச்சண்டைக்காரர் முறிவுதான். ஆனால் கோபத்தில் சுவரில் குத்திவிட்டு வருகிறவர்கள்தான் அதற்கு அதிகம் ஆளாகிறார்கள். முறையாகக் குத்தக் கற்றவர்களிடம் அது குறைவு.

எதிர்ப்பக்கம் இருப்பது நெற்றி எலும்பு, முகத்தில் மிக உறுதியான இடங்களில் ஒன்று. வெறுங்கைச் சண்டைக்காரர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். அதனால்தான் அவர்கள் விலா, வயிறு, கழுத்து, காதோரம் என்று இடம் பார்த்து அடித்தார்கள். தலையை நோக்கி இஷ்டத்துக்கு வீசினால் உடைவது தன் கை. கையுறை வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

கையுறை எப்படி வேலை செய்கிறது? கட்டட வேலை நடக்கும் இடத்தில் கீழிருந்து வீசும் செங்கல்லை மேலே நிற்பவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் வரும் திசையிலேயே கையையும் கொஞ்சம் போகவிட்டுப் பிடிப்பார். செங்கல்லின் வேகம் முழுவதும் கையில்தான் தீர்கிறது, ஆனால் கொஞ்சம் நேரம் எடுத்துத் தீர்கிறது. அந்தக் கூடுதல் நேரத்தில் விசையின் உச்சம் தணிந்துவிடும். கையுறைக்குள் இருக்கும் திணிப்பும் அதைத்தான் செய்கிறது. விசையைப் பரந்த இடத்தில் பரப்புவதால் தோல் கிழிவதும் குறையும். ஆனால் முஷ்டி கொண்டுவந்த உந்தம் எங்கும் ஓடிப்போவதில்லை. அது தலைக்குப் போய்த் தலையைத் தள்ளுகிறது, திருப்புகிறது.

அந்தக் காலக் கையுறையை இன்றையதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இன்று லைட்வெயிட் தொழில்முறை ஆட்டங்களில் 8 அவுன்ஸ், சுமார் 227 கிராம். அன்றைய கையுறைகள் அதைவிட மெல்லியவை, உள்ளே குதிரைமுடி. வியர்வையில் நனைந்து, நூற்றுக்கணக்கான அடிகளில் நசுங்கி, முடி ஓரங்களுக்கு ஒதுங்கிவிட்டால் முட்டிக்கு மேல் மிஞ்சுவது தோல்தான். 110 ரவுண்டு முடிவில் பர்க்கின் இரு கை எலும்புகளும் எல்லாம் உடைந்திருந்தன என்று எழுதுகிறார்கள். 54 எலும்பும் உடைந்தன என்பது மிகை என்றே நினைக்கிறேன். கைகள் பயன்படாமல் போயிருந்தன என்பதை நம்பலாம். பல வாரம் அவர் படுக்கையில் கிடந்தார் என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் ஏழு மணி நேரத்தில் ஒருவரால் இன்னொருவரைச் சாய்க்க முடியாமல் போனதற்குக் கை மட்டும் காரணமில்லை. வெடித்துக் கிளம்பும் ஒரு குத்துக்குத் தசை உடனடியாக எடுப்பது கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பை. முழு வேகத்தில் போனால் அது சுமார் 10 விநாடிகளில் காலி. ஒரு நிமிடம் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் திரும்பிவிடும். அதற்கு அடுத்த சேமிப்பு கிளைகோஜன், தசைகளிலும் கல்லீரலிலுமாகச் சேர்த்து சுமார் அரை கிலோ. மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு அது இரண்டு, மூன்று மணி நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் உடல் பெரும்பாலும் கொழுப்பை எரிக்க வேண்டும். கொழுப்பில் ஆற்றல் ஏராளம், ஆனால் மெதுவாகத்தான் கிடைக்கும். நடக்கலாம், கையைத் தூக்கி வைத்திருக்கலாம், அடிப்பதுபோல் வீசலாம். ஒருவரைச் சாய்க்கிற வேகம் மட்டும் வராது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பெட்டி காலியாகிவிட்டால் ஆட்டம் முடிய வழியே இல்லை. அந்த இரவின் கடைசி ரவுண்டுகளில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் போவென் இரண்டு மாதத்துக்குள் மறுபடி ரிங்கில் ஏறி ஜாக் எவர்ஹார்ட் என்பவரோடு 85 ரவுண்டு ஆடி ஜெயித்தார்!

இனி தலை. 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோவின் ஒரு குத்தை அளந்தார்கள். முஷ்டியின் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன், ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம். லைட்வெயிட் வீரர் இவ்வளவு கனமாக அடிக்க மாட்டார். ஆனால் வாங்குகிறவரின் கழுத்தும் மெலிந்ததுதானே.

ஒரு குண்டானில் தண்ணீர் வைத்துச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். குண்டான் திரும்பும், தண்ணீர் அங்கேயே நிற்கும். கெட்டித் தயிர் போல மென்மையான மூளையும் மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தாடையில் பக்கவாட்டில் விழும் குத்து, நீண்ட நெம்புகோலைத் தட்டியதுபோலத் தலையைச் சுழற்றும். மண்டையோடு முந்திக்கொள்ள, மூளை பின்தங்கும். நேரான தள்ளலைவிட இந்தச் சுழற்சிதான் ஆபத்து என்பதை 1943இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஹோல்போர்ன் ஜெலட்டின் மாதிரிகளை வைத்துக் காட்டினார். சுழற்சியில் மூளையின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, நரம்பிழைகள் இழுபடுகின்றன. விழிப்பைத் தக்கவைக்கும் மூளைத்தண்டு ஒரு கணம் தடுமாறினால் ஆள் மயங்கி விழுகிறார். நாக் அவுட் என்பது அதுதான். மூளையின் மேற்பரப்பிலிருந்து மேலுறைக்குப் போகும் மெல்லிய சிரைகளில் ஒன்று கிழிந்தால் கதையே வேறு. ரத்தம் மெல்லக் கசிந்து, மூளையை ஒரு பக்கமாக அழுத்தத் தொடங்கும்.

1894 டிசம்பர் 14 இரவு, அதே நியூ ஆர்லியன்ஸ். போவெனுக்கு எதிரே நின்றவர் ஜார்ஜ் லவீன், 'கிட்' என்று அழைப்பார்கள். 18ஆவது ரவுண்டில் லவீனின் குத்தில் போவென் பின்னால் சாய்ந்தார். தலை போய் மோதியது மெத்தை போடாத மரத்தரையில். நினைவு திரும்பவே இல்லை. மறுநாள் காலை இறந்துபோனார்.

இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. நிற்பவரின் தலை தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்குச் சுமார் 5.6 மீட்டர். வெட்டிய மரம்போல விறைப்பாகச் சாய்ந்தால் இன்னும் கூடும். மரப்பலகையில் தலை 5 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றுபோனால், அது தாங்கும் சராசரி வேகத்தணிப்பு புவியீர்ப்பைப்போல 320 மடங்கு. அடியில் மெத்தை இருந்து 25 மில்லிமீட்டர் அமுங்கினால் 64 மடங்கு. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நாமெல்லாம் தடுக்கி விழுந்தால் கை தானாக முன்னால் போகும், கழுத்து தலையைத் தூக்கிப் பிடிக்கும். மயங்கியவருக்கு இரண்டும் நடக்காது.

ரவுண்டு எண்ணிக்கைக்குக் கடிவாளம் விழ வெகுகாலம் பிடித்தது. 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்த லைட்வெயிட் பட்டத்துக்கான போட்டியில் ரே மான்சினியிடம் 14ஆவது ரவுண்டில் விழுந்த தென்கொரியாவின் கிம் டுக் கூ, மூளையில் ரத்தம் கசிந்து ஐந்து நாளில் இறந்தார். அதற்குப் பிறகே உலக குத்துச்சண்டை கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12ஆகக் குறைத்தது.

போவென் இறந்ததும் லவீனைக் கைது செய்தார்கள். உயிரைப் பறித்தது குத்து அல்ல, மெத்தையில்லாத தரைதான் என்று முடிவாகி அவரை விட்டுவிட்டார்கள். 1896இல் அவர் லண்டனில் டிக் பர்ஜை வென்று உலக லைட்வெயிட் சாம்பியன் ஆனார். தீர்ப்பில் பாதி சரி என்றுதான் மேலே போட்ட கணக்கு சொல்கிறது. கையை ஊன்றக்கூட முடியாத நிலையில் அந்தத் தலை தரைக்கு வந்து சேர்ந்ததற்கு முன்னால் பதினேழு ரவுண்டுகளும் ஒரு குத்தும் இருந்தன.