ஃபோல்டருக்குள் கோப்பு இல்லை

20 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோவை, அதே டிரைவில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திப் பாருங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதையே பென் டிரைவுக்கு அனுப்பினால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பென் டிரைவின் வேகம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். முதல் வேலையில் அந்த வீடியோ இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை என்பதுதான் பெரிய காரணம்.

திரையில் தெரியும் ஃபோல்டர் பொருள்களைப் போட்டு வைக்கும் பை மாதிரி வரையப்பட்டிருக்கிறது. டிஸ்கில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே ஃபோல்டர் என்பது ஒரு பட்டியல். பெயர்களும், ஒவ்வொரு பெயருக்கும் உரிய தரவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கான குறிப்பும் மட்டுமே அதில் இருக்கும். நீங்கள் வீடியோவை நகர்த்தும்போது ஒரு பட்டியலில் ஒரு வரி அழிந்து, இன்னொரு பட்டியலில் ஒரு வரி ஏறுகிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் தரவு எங்கே இருக்கிறது? டிஸ்க் முழுவதும் சம அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஏற்பாட்டைக் கோப்பு முறைமை என்பார்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆகிய இரண்டு கோப்பு முறைமைகளிலும் வழக்கமாக ஒரு கட்டம் 4 கேபி. ஒரு கட்டத்தை இரண்டு கோப்புகள் பங்கிட்டுக்கொள்வதில்லை. அதனால் 5 கேபி கோப்பு ஒன்று 8 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கோப்பின் அளவு, டிஸ்கில் அது பிடிக்கும் இடம் என்று விண்டோஸ் இரண்டு எண்களைத் தனித்தனியே காட்டுவது இதனால்தான். பெரிய கோப்பின் கட்டங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. டிஸ்கின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கலாம்.

எந்தக் கோப்புக்கு எந்தெந்தக் கட்டங்கள் என்ற கணக்கை வைத்திருப்பதுதான் கோப்பு முறைமையின் உயிர்நாடி. இதை யூனிக்ஸ் இயங்குதளம் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று உண்டு. உரிமையாளர் யார், கடைசியாக எப்போது மாறியது, அளவு என்ன, கட்டங்கள் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. பெயர் ஃபோல்டரின் பட்டியலில், ஐநோடின் எண்ணோடு சேர்ந்து இருக்கும்.

பெயரையும் கோப்பையும் இப்படிப் பிரித்துவிட்டால், ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் வைக்கலாம். இரண்டு ஃபோல்டர்களின் பட்டியல்களில் ஒரே எண் இருந்தால் போதும். இதை ஹார்டு லிங்க் என்பார்கள். இரண்டில் எது அசல், எது நகல் என்ற கேள்வியே எழாது. இரண்டும் சமமான பெயர்கள். தன்னை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்பதை ஐநோடு எண்ணி வைத்திருக்கும். ஒரு பெயரை அழித்தால் எண்ணிக்கை ஒன்று குறையும். எண்ணிக்கை பூஜ்யமாகி, எந்த நிரலும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கவில்லை என்றால்தான் கட்டங்கள் விடுவிக்கப்படும். ஆனால் இரண்டு பெயர்கள் இருப்பதைப் பாதுகாப்பு நகல் என்று நம்பிவிடக் கூடாது. தரவு ஒன்றுதான், அது கெட்டால் இரண்டு பெயர்களிலும் கெட்டதே தெரியும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற கிளை அமைப்பு 1965இலேயே மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்தின் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் விவரிக்கப்பட்டுவிட்டது. தனிநபர் கணினிகளுக்கு அது வர நாளாயிற்று. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் உட்ஃபோல்டர்களே இல்லை, 1983இல் 2.0 பதிப்பில்தான் வந்தன. 1984இன் மெக்கின்டோஷ் திரையில் ஃபோல்டர்கள் இருந்தன. ஆனால் டிஸ்கில் எல்லாக் கோப்புகளும் ஒரே பட்டியலில்தான் கிடந்தன. அதனால் வெவ்வேறு ஃபோல்டர்களில்கூட ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வைக்க முடியாது. அடுத்த ஆண்டு வந்த ஹெச்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அதைச் சரிசெய்தது.

இப்போது அழிப்பதற்கு வருவோம். ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புவது அழிப்பதே அல்ல. அது இன்னொரு ஃபோல்டர். கோப்பு அங்கே நகர்கிறது, இடம் காலியாவதில்லை. பின்னைக் காலி செய்யும்போதும் தரவின் மேல் யாரும் எதையும் எழுதுவதில்லை. பெயர் நீங்குகிறது, கட்டங்கள் ‘காலி’ என்று குறிக்கப்படுகின்றன. எம்எஸ்-டாஸ் பயன்படுத்திய பழைய ஃபேட் கோப்பு முறைமையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பட்டியலில் உள்ள பெயரின் முதல் எழுத்தை மட்டும் 229 என்ற குறியீடாக மாற்றிவிடுவார்கள். மற்ற எழுத்துகள் அப்படியே நிற்கும். எம்எஸ்-டாஸில் அழித்த கோப்பை மீட்கப் போனால், பெயரின் முதல் எழுத்து என்ன என்று கேட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே முக்கியமான கோப்பைத் தவறி அழித்துவிட்டால், அந்த டிரைவில் எதையும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் நிறுவுவதுகூட ஆபத்து. அந்த மென்பொருளே உங்கள் கோப்பின் கட்டங்களில் போய் உட்கார்ந்துவிடலாம். சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியாக இருந்தால் நம்பிக்கை குறைவு. எந்தெந்தக் கட்டங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளம் டிரிம் கட்டளை மூலம் அதற்குச் சொல்லிவிடும். எஸ்எஸ்டியும் தன் வசதிக்கேற்ப அவற்றைத் துடைத்துவிடும்.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை நகலெடுப்பது, அதே மொத்த அளவுள்ள ஒரே பெரிய கோப்பை நகலெடுப்பதைவிட மெதுவாக நடப்பதற்கும் காரணம் இந்தக் கணக்கு வழக்குதான். ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலில் புது வரி, புதுப் பதிவு, கட்டங்களின் ஒதுக்கீடு. அவற்றை ஒரே ஜிப்பாக்கி அனுப்பினால் அந்த வேலை ஒருமுறைதான்.

இத்தனை பதிவுகளும் எழுதி முடிவதற்குள் மின்சாரம் போனால்? பட்டியலில் பெயர் ஏறியிருக்கும், கட்டங்கள் ஒதுக்கப்பட்டிருக்காது. இதற்காகத்தான் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்றவை செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டுப் பகுதியில் எழுதிவிட்டுப் பிறகு செய்கின்றன. மறுபடி இயங்கும்போது அதைப் பார்த்து, பாதியில் நின்ற மாற்றத்தை முடிக்கும் அல்லது கைவிடும். பென் டிரைவுகளில் அதிகம் காணப்படும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் இந்தக் குறிப்பேடு இல்லை. அவற்றைச் சட்டென்று பிடுங்காமல் முறைப்படி வெளியேற்றச் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

ஒழுங்குபடுத்தும் வேலைக்கும் இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது. லட்சம் கோப்புகள் கொண்ட ஃபோல்டருக்குப் பெயர் மாற்றுவது நொடியில் முடியும். மேலே உள்ள பட்டியலில் ஒரே ஒரு வரிதான் மாறுகிறது. ஆனால் அந்தப் பழைய பெயரைப் பாதையாக எழுதி வைத்திருப்பவை எல்லாம் அதே நொடியில் உடையும்: வெளியிலிருந்து வீடியோவை இணைத்த பிரசன்டேஷன், எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்ட், தினமும் நகலெடுக்க நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட். அவை தேடுவது கோப்பை அல்ல, எழுதி வைத்த பாதையை. அடியில் உள்ள ஒரு ஃபோல்டரை மாற்றினால் அதன் வழியாகப் போகும் சில பாதைகள்தான் உடையும், மேலே உள்ளதை மாற்றினால் அதற்குக் கீழே போகும் எல்லாப் பாதைகளும் உடையும். அதனால் மேல்மட்டத்தில் இருக்கும் நான்கைந்து ஃபோல்டர்களின் பெயர்களையாவது தொடக்கத்திலேயே யோசித்து வைத்துவிட்டு, பிறகு தொடாமல் விடுவது நல்லது.