இருக்கையிலேயே தோள் பட்டை: பளு எங்கே போகிறது?

காரில் சீட் பெல்ட்டின் தோள் பட்டையின் மேல்முனை முன்கதவுக்குப் பின்னாலுள்ள எஃகுத் தூணில் மாட்டியிருக்கும். வீடுபோல் வசதி செய்த வண்டியான மோட்டார்ஹோமில் பெரும்பாலும் அந்தத் தூண் இல்லை. ஃபைபர்கிளாஸ், நடுவே ஃபோம், உட்பக்கம் மெல்லிய பிளைவுட், அவ்வளவுதான் சுவர். அதனால்தான் பட்டையும் அதைச் சுருட்டிக்கொள்ளும் ரிட்ராக்டரும் முதுகுச் சட்டத்துக்குள்ளேயே அமைந்த இருக்கையைத் தேடுகிறார்கள்.

இருக்கை கிடைப்பது எளிது. தரைதான் சிக்கல்.

அமெரிக்காவின் 210ஆம் எண் பாதுகாப்பு விதிப்படி, இடுப்பின் குறுக்கே போகும் மடிப் பட்டையையும் தோள் பட்டையையும் ஒரே நேரத்தில் தலா 3,000 பவுண்டு விசையில் (சுமார் 13.3 கிலோ நியூட்டன்) இழுத்து 10 நொடி நிறுத்திச் சோதிப்பார்கள். பட்டை இருக்கையோடு சேர்ந்திருந்தால் இருக்கை எடையின் 20 மடங்கும் கூடச் சேரும். தோள் பட்டை தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்திலும் மடிப் பட்டை 35 செ.மீ. உயரத்திலும் இழுக்கின்றன, முன்பின் போல்ட்டுகளுக்கு இடையே 33 செ.மீ. என்று கொள்வோம். இருக்கை முன் போல்ட்டுகளை அச்சாகக் கொண்டு முன்னே கவிழப் பார்க்கும். 25 கிலோ இருக்கையையும் சேர்த்துக் கணக்கிட்டால், பின் போல்ட் ஒவ்வொன்றையும் சுமார் 30 கிலோ நியூட்டன், அதாவது 3 டன் பளு, மேலே பிடுங்கும். இருக்கையைத் தரையில் தாங்கும் பழைய பெடஸ்டல் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பல வண்டிகளில் மடிப் பட்டை நேராகத் தரையில்தான் பிணைந்திருந்தது.

உயர்வலிமை கொண்ட 7/16 அங்குல கிரேடு 8 போல்ட் ஒன்று சுமார் 60 கிலோ நியூட்டன் வரை அசையாமல் தாங்கும். கிழிவது அதைப் பிடித்திருக்கும் பிளைவுட். பெரிய வாஷர் போட்டால் கிழிசல் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. தரைக்கு அடியில் 6 மி.மீ. எஃகுத் தகடு வைத்து, அதை ஒரு குறுக்குச் சேனல் வழியாகச் சேஸிஸின் இரு நீளச் சட்டங்களோடும் இணைக்க வேண்டும். சட்டத்தில் துளையிடுவதானால் அதன் செங்குத்தான நடுப்பகுதியில் மட்டும்; மேல், கீழ் விளிம்புகளில்தான் வளைவுத் தகைவு உச்சம். சேனலின் அளவை ஒரு பொறியாளர் கணக்கிட்டுச் சொல்வதே சரி. துளையிடும் முன் கீழே எரிபொருள் டாங்க், கேஸ் குழாய், ஒயர் எதுவும் போகவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

பலர் விட்டுவிடுவது இடைக்குழாயை. ஃபோம் நடுவே உள்ள தரையில் போல்ட்டை முறுக்கினால் ஃபோம் நசுங்கும். சில மாதங்களில் இறுக்கம் போய்விடும். தரையின் தடிமன் அளவுக்கே வெட்டிய எஃகுக் குழாயைத் துளைக்குள் செருகி, அதன் வழியே போல்ட்டைப் போட்டால் அழுத்தம் எஃகிலிருந்து எஃகுக்குப் போகும்.

அடுத்தது ரிட்ராக்டர். அதற்குள் இருக்கும் சிறு உருண்டையோ ஊசலோ வண்டியின் திடீர் வேகக்குறைவையும் சாய்வையும் உணர்ந்து பட்டையைப் பூட்டுகிறது. ஐரோப்பாவில் வழங்கும் ஐநா விதி 16இன்படி 12 பாகை வரை சாய்ந்தால் பூட்டக்கூடாது, 27 பாகையைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். புதிய பெடஸ்டலின் மேல்தட்டு அந்த இருக்கை முன்பிருந்த வண்டித் தரையைவிட மிகவும் சாய்வாக இருந்தால், நின்ற வண்டியிலேயே பட்டை வெளிவராமல் போகலாம். ரிட்ராக்டர் பழுது என்று நினைத்துக் கழற்றிவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது சாய்வுமானி. சுவரிலிருந்த பழைய ரிட்ராக்டரை முதுகுச் சட்டத்தில் திணிப்பதும் இதே காரணத்தால் வீண்.

இருக்கையைத் திருப்ப உதவும் சுழல் தட்டு வேண்டுமென்றால் பட்டைப் பளுவுக்குச் சோதிக்கப்பட்டதாக வாங்குங்கள். சாதாரணத் தட்டில் அந்தப் பளு முழுவதையும் ஒரு மெல்லிய வளைய விளிம்புதான் தாங்க வேண்டியிருக்கும். பக்கிளும் மடிப் பட்டையின் மறுமுனையும் இருக்கைச் சட்டத்திலேயே உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தரையில் இருந்தால் இருக்கையை நகர்த்தும்போது பட்டையின் கோணம் கெடும்.

இருக்கைக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் ஏர்பேக்கோ வெடிமருந்து வைத்த பட்டை இறுக்கியோ உள்ளே இருக்கிறது. மல்டிமீட்டரால் அதைச் சோதிக்கக் கூடாது.