'வித்தியாசம் தெரியவில்லை' என்றால் 'இரண்டும் சமம்' என்று அர்த்தமல்ல

மருத்துவ மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இந்த மாதம் மூன்றாவது முறையாக அதே வரியைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்: "பி-மதிப்பு 0.05-ஐவிட அதிகம். ஆகவே இரண்டு மருந்துகளும் சமமானவை."

பி-மதிப்பு என்பது, தற்செயலாகவே இப்படி ஒரு வித்தியாசம் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண். அது 0.05-க்குக் கீழே போனால்தான் வித்தியாசத்தை ஏற்பது வழக்கம். ஆனால் அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது?

கடைசியாக வந்த ஆய்வேட்டை, எண்களை மாற்றிச் சொல்கிறேன். ஒரு மருந்து கொடுத்த 20 பேரில் 12 பேருக்கு வலி குறைந்தது. இன்னொன்றில் 20-க்கு 8 பேர். இரண்டு விகிதங்களை ஒப்பிடும் கை-ஸ்கொயர் சோதனையைப் போட்டால் பி-மதிப்பு சுமார் 0.2. சரி, இதே விகிதம் 200-க்கு 120, 200-க்கு 80 என்று வந்திருந்தால்? பி-மதிப்பு 0.001-க்கும் கீழே போய்விடும். மருந்து அதேதான், 60 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதேதான். கூடியது ஆள் எண்ணிக்கை மட்டுமே.

அந்த 20 பேர் கணக்கில் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கள். முதல் மருந்து 10 சதவீதப் புள்ளி மோசமாகவும் இருக்கலாம், 50 சதவீதப் புள்ளி மேலாகவும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு 'சமம்' என்று எழுத எப்படி மனம் வருகிறது? நாளை ஒரு மருத்துவர் அதை நம்பி மருந்தை மாற்றுவார்.

பி-மதிப்பு 0.2 என்றால் 'இரண்டும் ஒன்றாக இருக்க 20 சதவீத வாய்ப்பு' என்பதும் இல்லை. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அது. 0.05-உம் இயற்கை விதி அல்ல. 1925-ல் ரொனால்ட் ஃபிஷர் அதை வசதியான ஓர் எல்லையாகத்தான் சொன்னார்.

தயவுசெய்து தரவு சேகரிக்கும் முன்பே வாருங்கள். 60-40 வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, குழுவுக்குக் கிட்டத்தட்ட நூறு பேர் வேண்டும். இருபது பேரை வைத்தால் நாலில் ஒரு தடவைதான் சிக்கும். சமம் என்று காட்டத்தான் ஆசையா? அதற்குச் சமநிலை ஆய்வு என்று தனி முறை உண்டு. எவ்வளவு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். அப்புறம், ஒரே நோயாளியின் முன்-பின் அளவுகளை இரண்டு தனிக் குழுக்களாகப் பாவிக்காதீர்கள். அதற்கு இணை டி-சோதனை இருக்கிறது.

ஆய்வு முடிந்துவிட்டதா? 'வித்தியாசத்தை உறுதிசெய்ய முடியவில்லை' என்று எழுதி, பக்கத்திலேயே அந்த இடைவெளியையும் போடுங்கள். உங்கள் கைடு ஒப்புக்கொள்ளாவிட்டால் என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.